உயிரோடு இருந்த மூதாதை

பேரரசர் ஹயாசேயின் வம்சத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லி முடிக்க ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். சூரியதேவியில் ஆரம்பித்து, அவள் பேரன் மேகத்தைப் பிளந்துகொண்டு மலையுச்சியில் இறங்கியதைச் சொல்லி, அவன் பிள்ளைகள் கரடிகளோடும் கடல் அலைகளோடும் சண்டை போட்டதைச் சொல்லி, அதற்குப்பின் வந்த அரசர்கள் ஒவ்வொருவரும் நூற்றிருபது வயதுவரை பல் விழாமல் வாழ்ந்ததைச் சொல்லி, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஹயாசேயிடம் வந்து நிற்க வேண்டும். இத்தனையும் எதற்கென்றால், அவர் வடகடலோரத்தில் உப்புக் காய்ச்சிய குமாதேயின் மகன் என்ற ஒரே ஒரு பேச்சை மறைப்பதற்குத்தான். அதை மறைக்க எத்தனை கைகள் வெந்தன என்பதை அரண்மனையில் வம்சம் ஓதுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சோறு அரண்மனையிலிருந்து வருகிறது. எனக்கு வரவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அவருக்கு முன்னால் யமாட்டோ நாட்டை ஆண்டவர் தன் அண்ணன்களைக் கொன்றார், தம்பிகளைக் கொன்றார், சித்தப்பன் பெரியப்பன்களைக் கொன்றார், அவர்களுடைய பிள்ளைகள் தவழ்வதற்கு முன்பே கொன்றார், இனி தன் ஆசனத்தைக் கேட்க ரத்தசொந்தம் என்று ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்து பிளம் பழம் தின்றபோது கொட்டை தொண்டையில் அடைத்துச் செத்துப்போனார். நாடு திகைத்து நின்றது. அழுவதற்கு அவசியம் இல்லை, ஆனால் அடுத்து யார் காலில் விழுவது என்று தெரியாமல் ஒரு நாடு எத்தனை நாள் நின்றுகொண்டே இருக்க முடியும்? மூத்த மந்திரி மகாரி முப்பது குதிரைகளோடு வடக்கே புறப்பட்டார். ஐந்து தலைமுறைக்கு முன்னால் தோகிவா என்ற இளவரசர் அந்தப் பக்கம் போனார், அவர் பெயரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி.

ஆட்கள் இருந்தது உண்மை. ஆனால் அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இளவரசர் பிள்ளையில்லாமல் செத்தால் அவர் பெயர் அழிந்துபோகக் கூடாது என்று ஏதாவது ஓர் ஊரைப் பிடித்து அதற்கு அவர் பெயரை வைத்துவிடுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும், அவர்கள் பிள்ளைகளும், பேரன்களும், இன்னாருடைய ஆட்கள் என்றே அழைக்கப்படுவார்கள், இறந்தவருக்கு ஆண்டுதோறும் உப்போ துணியோ மீனோ படைப்பார்கள். தோகிவாவின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது என்றால் தோகிவாவுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். இது யமாட்டோவில் கழுதை மேய்க்கிறவனுக்கும் தெரியும், மகாரிக்கு நன்றாகவே தெரியும்.

பத்தொன்பதாம் நாள் அவர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது, நல்ல உயரமும் அகன்ற தோளுமாக ஒருவன் உப்பு ஏறுவதற்காகக் கடற்பாசிக் குவியல்மேல் கடல்நீரை ஊற்றிக்கொண்டிருந்தான். அதுதான் ஹயாசே.

“நீ யாருடைய ஆள்?” என்று குதிரைமேல் இருந்தபடி கேட்டார் மகாரி.

“தோகிவா இளவரசர் ஆளுங்க நாங்க.”

“உன் அப்பா?”

“அவருந்தான்.”

“அவருக்கு அப்பா?”

“ஊரே அவரு ஆளுங்கதான்யா. எதுக்குக் கேக்குறீங்க?”

முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. குதிரைகளில் ஏழு நொண்டின. இன்னும் வடக்கே போனால் இதைவிட நல்ல தோள் கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்? மகாரி இறங்கி ஈர மணலில் மண்டியிட்டார், அவர் மண்டியிட்டதால் பின்னால் வந்தவர்களும் மண்டியிட்டார்கள். ஹயாசேயின் தாய் இசோமே உப்புப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

“எம்புள்ளைக்கு உப்புக் காய்ச்ச மட்டுந்தான் தெரியும்,” என்றாள். “மண்டி போட்டு அவங்கிட்ட என்ன வேல வாங்கப் போறீங்க?”

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அரசமூலத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இசோமே தன் மகனைப் பிறந்த நாளிலிருந்து ராசா என்றுதான் கூப்பிடுவாள், எல்லாத் தாய்மாரையும் போல. அந்த மாதத்திலிருந்து நாடும் அப்படியே கூப்பிட்டது. பெற்றவர்களைப் பிறகு அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போன ஹயாசே நான்கு வருடம் அழைக்கவில்லை.

ஹயாசே கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவனுக்கு ஒருநாள் அலுத்துப்போகும், பயந்தவனுக்கு அலுக்காது. அவர் ஆசனத்தில் அமர்ந்த பிறகு தலைநகரத்தில் எல்லோருக்கும் மூதாதையர் முளைத்தார்கள். நெசவுக்காரர்கள் சந்திரனின் பேரர்கள் ஆனார்கள், காவல்காரர்கள் கடல்நாகத்தின் மருமகன்கள் ஆனார்கள், கேட்டால், உப்புக்காரன் ஆகலாம் என்றால் நாங்கள் ஆகக் கூடாதா என்று வாய்க்குள் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஹயாசே உலையைக் கொண்டே ஊர் வாயை மூடப் பார்த்தார். ஓக் மரங்கள் நின்ற மேட்டில் ஒரு பெரிய மண்பானை ஏற்றப்பட்டது. தன் வம்சம் இன்னது என்று சொல்கிறவர் எவரும் வெள்ளைக் கயிற்றால் சட்டைக்கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வம்சத்தை உரக்கச் சொல்லி, கொதிக்கிற நீருக்குள் கைவிட்டு அடியில் கிடக்கும் கல்லை எடுக்க வேண்டும். உண்மை சொன்ன கை வேகாது. வெந்த கைக்காரன் பெயரை இழந்து, குடும்பத்தோடு மண் சுமக்கப் போக வேண்டும்.

கொதிக்கிற நீருக்கு வம்சம் தெரியாது, கை தெரியும். நாற்பத்து மூன்று குடும்பங்கள் அந்த வசந்தகாலத்தில் பெயரிழந்தன. மகாரிக்கு வேண்டியவர்கள் முறை வரும்போது மட்டும் விறகு நனைந்திருக்கும், அவர் அவர்களுடைய சிவந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேகவில்லை என்று அறிவிப்பார். கடைசியில் வெந்த கைக்காரர்கள் எல்லோரும் கட்டுப் போட்ட கையோடு அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எங்களை வேகவைத்தவர் தன் வம்சத்தையும் பானைக்கு அனுப்பட்டும் என்றார்கள். பேரரசரின் உடம்பு சூரியனுடையது, அதைச் சோதிக்க முடியாது. அதனால் பெற்றவர்களைக் கொண்டுவர ஆள் போயிற்று.

இப்படித்தான் குமாதேயும் இசோமேயும் நான்கு வருடம் கழித்து மகன் முகத்தைப் பார்த்தார்கள். அழைத்ததற்குக் காரணத்தைக் கேட்டதும் இசோமேக்குக் கணக்கு உடனே புரிந்தது. உண்மையைச் சொன்னால் கை பிழைக்கும், மகன் சாவான். பொய்யைச் சொன்னால் கை வேகும், கை வெந்தால் பொய் என்று தெரிந்துவிடும், மகன் சாவான். மகாரி வந்து, விறகு நனைந்திருக்கும் அம்மா, கவலை வேண்டாம் என்றார். நான் கை வைக்கிறேன் என்றார் குமாதே.

“உங்களுக்குப் பொய் சொல்ல வராது,” என்றாள் இசோமே. “நடுவுல சிரிச்சிருவீங்க.”

மேட்டுக்குப் போனபோது வெந்த கைக்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்தே காய்ந்த விறகு கொண்டுவந்திருந்தார்கள். பானை பொங்கி விளிம்பில் தெறித்தது. மகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இசோமே சட்டைக்கையைக் கட்டிக்கொண்டு, “எம்புருசன் குமாதே தோகிவா இளவரசரோட பேரனுக்குப் பேரன், அந்த ரத்தத்துலதான் எம்மகன் பொறந்தான்,” என்று கத்திச் சொல்லி, முழங்கைவரை உள்ளே விட்டாள். அடியில் துழாவினாள். கல் உடனே கிடைக்கவில்லை, அதனால் கொஞ்ச நேரம் துழாவினாள், சோற்றுப் பானையில் உப்புப் போதுமா என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு கல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கை வேகவில்லை. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு சிவப்பு இல்லை, மணிக்கட்டில் ஒட்டியிருந்த மீன் செதில்கூட அப்படியே இருந்தது.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே நின்றவர்களும் கேட்கவில்லை. அவர்கள் அடுத்த நாளே அதற்குப் பழகிப்போனார்கள். முதலில் ஒரு பெண் தன் காய்ச்சல்காரக் குழந்தையைக் கொண்டுவந்து அந்தக் கைக்குக் கீழே கிடத்தினாள். பிறகு பட்டறைக்காரன் ஒருவன் உலையில் விழுந்த இடுக்கியை எடுத்துத் தரச் சொன்னான். எண்ணெயில் மாவு பொரிக்கிறவர்கள் கரண்டிக்குப் பதிலாக அவளைக் கூப்பிட்டார்கள், அவளும் போனாள், உழைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. அப்புறம்தான் தலைநகரத்துக்குப் புத்தி வந்தது. வேகாத கை ஒன்று இருக்கும்போது எதற்காகச் சொந்தக் கையை வேகவைத்துக்கொள்வது? ஒவ்வொரு குடும்பமாக அவளை மேட்டுக்கு அழைத்துப் போயிற்று. அவள் நெசவுக்காரர்கள் சந்திரனின் பேரர்கள் என்றாள், கை வேகவில்லை. காவல்காரர்கள் கடல்நாகத்தின் மருமகன்கள் என்றாள், கை வேகவில்லை. பெயரிழந்த நாற்பத்து மூன்று குடும்பங்களும் வந்து அழுதன, அவர்களுக்கும் அவள் பெயரைத் திருப்பி எடுத்துத் தந்தாள். கோடை முடிவதற்குள் நூற்றுப் பதினேழு வம்சங்கள் அந்த ஒரு கையால் நிரூபணம் ஆகிவிட்டன, கடவுளுக்குப் பிறக்காதவர் என்று ஊரில் குதிரைகள் மட்டும்தான் மிச்சம். அந்தக் கோடையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். இசோமேயும் இருந்தாள், மகன் பிழைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் சபையில் இளைய மந்திரி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: ராஜரத்தம் தகப்பன் வழியாகத்தான் மகனுக்கு வந்தது என்றால், தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் எப்படி ஆசனத்தில் இருக்கிறார்? இசோமே பொய் சொல்லிக் காப்பாற்றியபோது, தன் புருஷனைத்தான் உண்மையான பேரரசர் என்று ஊரறிய நிரூபித்திருந்தாள். அதை அவள் யோசிக்கவில்லை. பெற்ற வயிறு முன்னால் இருக்கிற நெருப்பை அணைக்கும், பக்கத்துக் கூரையைப் பார்க்காது.

குமாதேயிடம் ஆசனம் வேண்டுமா என்று கேட்டார்கள். “எனக்கு எதுக்கு? முதுகு வலிக்கும்,” என்றார். ஊருக்குத் திரும்புகிறேன் என்றதற்கு மட்டும் விடவில்லை. அதற்குப் பதிலாகப் பேரரசரின் தகப்பனாருக்கு மரியாதை என்று ஒரு சமாதி மேடு எழுப்பத் தொடங்கினார்கள், முன்னால் சதுரமும் பின்னால் வட்டமுமாக, சுற்றிலும் அகழி வெட்டி, உள்ளே கல்லறை அடுக்கி. குமாதேக்கு அது பிடித்துப்போயிற்று. வாழ்நாளில் தன் பேரில் ஒரு குடிசைகூட இல்லாதவர் அவர். தினமும் காலையில் போய் மண் சுமக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார், மேட்டைச் சுற்றி நடுவதற்கு மண் குதிரைகளும் மண் வாத்துகளும் சுடுகிறவர்களுக்குச் சூளை யோசனை சொல்வார், எனக்கு ஒரு மண் படகும் செய்யுங்கள் என்பார், ஒரு தச்சன் நூல்பிடித்து அவர் நீளத்தை அளந்தபோது நிமிர்ந்து நின்று காட்டினார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குமாதே இருந்தால் நாட்டுக்குத் தொல்லை, இறந்தால்தான் பொன். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவர் ஒருவரைத் தவிர.

மேடு இரண்டு வருடத்தில் முடிந்தது. முடிந்த மேடு காலியாகக் கிடந்தால் ஆள்கிறவரை விழுங்கும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. மகாரி அதைச் சபையில் எடுத்துச் சொன்னார், வேறு எதுவும் சொல்லவில்லை. பேரரசர் தலையைக் குனிந்துகொண்டார். சபையில் தலைகுனிந்தால் சம்மதம் என்று பொருள்.

இசோமே செய்தி கேட்டதும் தானே விறகைச் சுமந்துகொண்டு ஓக் மரத்து மேட்டுக்கு ஓடினாள். பானையை ஏற்றி ஊரைக் கூட்டினாள். “நான் அன்னைக்குச் சொன்னது பொய்,” என்றாள். “தோகிவாவுக்குப் புள்ள கெடயாது. புள்ள இல்லாததாலதான் அவரு பேர எங்க ஊருக்கு வச்சாங்க. எம்புருசன் உப்புக்காரருக்குப் பொறந்த உப்புக்காரரு. அவர விட்டுருங்க.” கையை விட்டுக் கல்லை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். கை வேகவில்லை.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அங்கே நின்றவர்களில் நூற்றுப் பதினேழு வம்சத்தாரும் இருந்தார்கள். இந்தக் கை அன்று பொய் சொன்னது என்றால் சந்திரனின் பேரர்கள் நாளைக்கு மறுபடி நெசவுக்காரர்கள். மகாரி கையைப் பார்க்கக்கூட இல்லை.

“அன்று சொன்னது சாட்சி,” என்றார். “இன்று சொல்வது புருஷன்மேல் உள்ள பாசம். கை இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.”

ஆமாம் என்றார்கள் எல்லோரும். அவளால் பெயர் திரும்பக் கிடைத்த நாற்பத்து மூன்று குடும்பத்தார்தான் முதலில் சொன்னார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டே சொன்னார்கள், அந்த அளவுக்கு அவர்களுக்கு நன்றி இருந்தது.

அடுத்த நாள் ஹயாசே தகப்பனோடு உட்கார்ந்து காலைக் கஞ்சி குடித்தார். இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள்.

“நான் ஊருக்குப் போயி உப்புக் காய்ச்சிட்டுக் கெடக்கேன்,” என்றார் குமாதே. “யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீங்க தொறக்க மாட்டீங்கப்பா. உங்களக் குதிரையில ஏத்தி வச்சுட்டு வேற எவனாவது தொறப்பான்.”

குமாதே கிண்ணத்தை வைத்தார். மகனுடைய கையைப் பார்த்தார். உப்பு வெடிப்புகள் எல்லாம் ஆறி அது இப்போது வழுவழுவென்று இருந்தது.

“உள்ள வெளிச்சம் இருக்குமா?” என்றார்.

“வெளக்கு வைக்கச் சொல்றேன்ப்பா.”

ராஜரத்தம் தரையில் சிந்தக் கூடாது. அதனால் சிந்தவில்லை. அவரைக் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, இறந்தவர்களுக்கு வைக்கும் படையலாக ஐந்து குடம் அரிசிக்கள்ளும் உலர்ந்த மீனும் சோற்று உருண்டைகளும் ஒரு விளக்கும் உள்ளே வைத்து, அவரையும் வைத்து, நாற்பது பேர் சேர்ந்து கல்லைத் தள்ளி மூடினார்கள். படையலைக் குறைத்து வைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்கும். மரியாதையில் குறை வைக்கக் கூடாது என்று ஹயாசே உத்தரவு போட்டிருந்தார், அதனால் குமாதே பதினொரு நாள் தட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பக்கத்து வயல்காரர்கள் அதை எலி என்றார்கள். இரண்டாம் நாள், மண் புதிது, கல் இறங்குகிறது என்றார்கள். மூன்றாம் நாள் வம்சம் ஓதுகிறவர்கள் வந்து காதை வைத்துக் கேட்டு, மூதாதையர் நாட்டோடு பேசுகிறார் என்று விளக்கினார்கள், அதற்குப் பிறகு எல்லோருக்கும் மனம் லேசாகிவிட்டது. ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து அகழிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி கேட்டார்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் நல்ல சகுனத்துக்காக ஒரு தட்டல் கேட்கும்வரை காத்திருந்தார்கள், கேட்டதும் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். இசோமே அந்தக் கல்மேல் முகத்தை வைத்துப் படுத்துக் கிடந்தாள். கொதிநீருக்கு அஞ்சாத கை, கல்லை அசைக்க உதவவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் ஒரு தட்டல் திருப்பித் தட்டினாள். பன்னிரண்டாம் நாள் அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஊரில் யார்மேலும் கோபம் அடங்கவில்லை, இத்தனை காலத்துக்குப் பிறகும்.

மகனோடு அவள் பேச்சை விட்டுவிட்டாள். அதற்கடுத்த வருடம் மழை வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை, நாற்று நின்ற இடத்திலேயே காய்ந்தது. மானின் தோள் எலும்பை நெருப்பில் காட்டி விரிசல் பார்த்துக் குறி சொல்கிறவர்கள், தகப்பனைக் கொன்ற பாவம் வானத்தில் நிற்கிறது என்று படித்தார்கள். தட்டலைக் கேட்டுச் சிரித்த அதே ஜனங்கள் கையில் கல்லோடு அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். பசித்தவனுக்கு நினைவு திரும்பும். இளைய மந்திரி தெற்கே ஆள் திரட்டுவதாகவும் பேச்சு வந்தது.

அப்போதுதான் ஹயாசே தாயின் அறை வாசலில் வந்து நின்றார். நரை விழுந்திருந்தது.

“நீ ஒரு வார்த்த சொல்லிக் கை வச்சாப் போதும்மா,” என்றார். “நான் அப்பாவக் கொல்லலன்னு. வேகாதுல்ல உனக்கு. நீ வைக்கலன்னா என்னைக் கொன்னுருவாங்க.”

இசோமே அந்த நரையைப் பார்த்தாள். செத்துத் தொலை என்று சொல்லத்தான் வாய் வந்தது, அதை அவள் பிற்பாடு தன்னைப் பார்த்துக்கொண்டவர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுக்கு இருந்தது இரண்டு பேர், ஒருவர் கல்லுக்குப் பின்னால் போய்விட்டார், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், அதுவும் வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வெள்ளைக் கயிற்றைத் தேடி எடுத்தாள்.

“வா,” என்றாள்.

ஓக் மரத்து மேட்டில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பானை கொதித்தது. இசோமே அதன் முன்னால் நின்று, “எம்மகன் அவங்கப்பனக் கொல்லல,” என்று சொல்லிக் கையை விட்டாள்.

கை வெந்தது. விட்ட அந்த நொடியிலேயே வெந்தது, எல்லாக் கைகளும் வேகிற மாதிரி. அவள் முகத்தைப் பார்த்த முன்வரிசைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது, பின்வரிசைக்காரர்களுக்கு வாடை வந்ததும் புரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் எதற்காக வந்தாளோ அது போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு அடியில் துழாவி, விரல்கள் மடங்காமல் இரண்டு தடவை நழுவவிட்டு, மூன்றாம் தடவை கல்லை எடுத்து வெளியே வைத்தாள்.

மகாரி கிட்டே வந்து, அந்தக் கையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு ஜனங்களைப் பார்த்துத் திரும்பி, “வேகவில்லை,” என்றார்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். நூற்றுப் பதினேழு வம்சத்தாரும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள், பிள்ளைகளின் பெயர்களை நினைத்துப் பார்த்தார்கள். பிறகு நெசவுக்காரர்களில் ஒரு முதியவர், வேகவில்லை என்றார், அவர் மனைவி சொன்னாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள், மேடு முழுக்க வேகவில்லை வேகவில்லை என்று முழங்கியது, கையிலிருந்த கற்களைக் கீழே போட்டார்கள். ஒரு பெண் வழக்கம்போலக் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

பேரரசர் ஹயாசே இறங்கி வந்து தாயின் கையைப் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினார். தோல் கழன்று அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது, அவர் பிடியைத் தளர்த்தவில்லை. இசோமே அவர் காதருகே தலையைச் சாய்த்தாள்.

“வலிக்குது ராசா,” என்றாள் மெதுவாக. “கைய விடுப்பா.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்: “வேகாத கை எப்படிம்மா வலிக்கும்?”